ஏழை ஒப்பமிடாத வக்காலத்து!

மாளிகாவத்தை

நாட்டிலே ஒரு பேச்சுப் பரவி வருகிறது. "சூழலைக் காக்கப் புறப்பட்டவர்களே கமக்காரனின் வயிற்றில் அடித்தவர்கள். மரமும் மீனும் பேசுவோருக்கு மனிதனின் பசி தெரியாது. முதலில் வறுமை ஒழியட்டும். காற்றையும் நீரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." இது 2021ஆம் ஆண்டுப் பசளைத் தடைக்குப் பின்னர் வயல் வரம்புகளிலும் கேட்கிறது; கொழும்பிலே கற்றவர் கூடும் மண்டபங்களிலும் கேட்கிறது. வயல் வரம்பிலே அது வேதனையின் குரல். அதை நாம் மதிக்கிறோம். மண்டபத்திலே அது ஏட்டிலிருந்து எடுத்த வாதம். அதை நாம் மறுக்கிறோம்.

அந்த ஏட்டுக்கு ஓர் ஆசிரியர் உண்டு. டென்மார்க் தேசத்தவரான பியோர்ன் லொம்போர்க் என்பவர் கடந்த கால் நூற்றாண்டாக இவ்வாதத்தை உலகெங்கும் எடுத்துச் செல்கிறார். இந்த வாதத்தைப் பேசுவோர் பலர். அவரளவு திறமையாகப் பேசுவோர் சிலரே. ஆகவே அவருடைய வாழ்க்கைத் தொழிலை எடைபோட்டுப் பார்ப்பது நமது கடமையாகிறது. எதிரியின் வழக்கை அதன் மிகச் சிறந்த வடிவிலே எடுத்து மறுப்பதே வழக்கறிஞர் மரபு.

யார் இந்த லொம்போர்க்?

1965ஆம் ஆண்டு பிறந்த இவர், டென்மார்க்கின் ஆகூஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானத் துறையிலே புள்ளிவிவரவியல் கற்பித்தவர். ஒருகாலத்தில் கிறீன்பீஸ் இயக்கத்தின் ஆதரவாளராக இருந்தவர் என்று தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்வார். 1997ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளியலாளர் யூலியன் சைமனின் செவ்வி ஒன்றைப் படித்தார். உலகம் கெடவில்லை, நாளுக்கு நாள் மேம்பட்டே வருகிறது என்பது சைமனின் கட்சி. அதைப் பொய்யென்று காட்டவே மாணவர்களோடு கணக்குப் பார்க்கத் தொடங்கியதாகவும், பார்த்த அளவில் பெரும்பாலும் சைமனே சரியென்று கண்டதாகவும் அவர் கூறுகிறார். 1998இல் டேனிஷ் நாளிதழொன்றிலே கட்டுரைகளாக வந்தவை அவ்வாண்டே நூலாயின. 2001இல் அந்நூல் விரிவாக்கப்பட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வாயிலாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. அன்றே அவர் உலகப் புகழ் பெற்றார்.

அவ்வாண்டு நவம்பரிலே டென்மார்க்கில் வலதுசாரி ஆட்சி வந்தது. 2002இல் அது சூழல் மதிப்பீட்டு நிறுவகம் ஒன்றைப் புதிதாக நிறுவி, அதன் தலைமையை லொம்போர்க்கிடம் ஒப்படைத்தது. 2004இல் 'கொப்பனேகன் இணக்கம்' என்ற மாநாடு. பின்னர் அதே பெயரில் ஒரு நிலையம். 2007, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் மேலும் நூல்கள். 2012இல் டேனிஷ் அரசு நிதியை நிறுத்தியது. 2015இல் அவுஸ்திரேலிய அரசு 40 இலட்சம் டொலர் கொடுத்து மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஒரு நிலையம் அமைக்க முற்பட்டது. ஆசிரியரும் மாணவரும் எதிர்த்தெழ, பல்கலைக்கழகம் பின்வாங்கியது. ஆயினும் எழுத்து நிற்கவில்லை. இன்றும் பல நாட்டுப் பத்திரிகைகளில் அவர் கட்டுரைகள் வருகின்றன.

உண்மையின் பங்கு

எதிரி சொல்வதெல்லாம் பொய் என்பது நமது வாதமன்று. பட்டினி உலகிலே குறைந்த காலம் உண்டு. மனிதரின் ஆயுள் நீண்டிருக்கிறது. மேலைநாட்டு நகரங்களின் புகை குறைந்திருக்கிறது. நாளையே உலகம் அழியும் என்று முழங்கிய சிலர் பொய்த்துப்போனதும் உண்மையே. 1980இல் உயிரியலாளர் போல் ஏர்லிக்கும் அவருடைய நண்பர் இருவரும் யூலியன் சைமனோடு பந்தயம் கட்டினர். ஐந்து உலோகங்களின் விலை பத்தாண்டிலே ஏறுமென்றார் ஏர்லிக், இறங்குமென்றார் சைமன். 1990இல் ஐந்தும் இறங்கியிருந்தன. ஏர்லிக் 576 டொலருக்குக் காசோலை எழுதி அனுப்பினார்.

ஆயினும் சந்தையிலே செம்புக்கு விலையுண்டு. விலை ஏறினால் மாற்றுப் பொருள் தேடுவார்கள், புதுச் சுரங்கம் வெட்டுவார்கள். ஊர்க்கிணற்று நீருக்குச் சந்தையிலே விலையில்லை. அது கெட்டால் எந்த விலைப்பட்டியலிலும் ஏறாது. குடிப்பவனின் உடம்பிலேதான் ஏறும். செம்பிலே வென்ற வாதத்தைக் கிணற்றுக்கும் கொண்டுவருவது நியாயமாகுமா?

மேலைநாட்டு நகரங்களின் புகை தானாகவா குறைந்தது? மக்கள் போராடினார்கள், சட்டமன்றங்கள் சட்டம் இயற்றின, ஆலை முதலாளிகள் "தொழில் அழியும்" என்று கூக்குரலிட்டார்கள், சட்டம் நடைமுறைக்கு வந்தது, புகை குறைந்தது. போராட்டத்தின் விளைவை எடுத்துக் காட்டிப் போராட்டமே வேண்டாமென்பது, மருந்தினால் நோய் தணிந்ததைக் காட்டி மருத்துவரைத் துரத்துவதற்கு ஒப்பாகும்.

டென்மார்க்கில் நடந்த விசாரணை

லொம்போர்க்கின் எதிரிகள் ஒரு தீர்ப்பின் முதற்பாதியை மட்டும் சொல்வார்கள். ஆதரவாளர்கள் மறுபாதியை மட்டும் சொல்வார்கள். நாம் முழுவதையும் சொல்வோம்.

2002 சனவரியிலே 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் நான்கு அறிஞர்கள் அவருடைய நூலைக் கடுமையாக மறுத்து எழுதினார்கள். பின்னர் டென்மார்க்கின் விஞ்ஞான நேர்மையீனக் குழுவிடம் முறைப்பாடுகள் சென்றன. 2003 சனவரியிலே குழு முடிவு கூறியது. நூல் நல்ல விஞ்ஞான நடைமுறைக்கு மாறானது, புறநிலையில் நோக்குமிடத்து நேர்மையீனம் என்ற வகைக்குள் அடங்குவது என்றது. ஆனால் ஆசிரியர் வேண்டுமென்றே செய்தார் என்றோ பாரதூரமான கவனயீனம் காட்டினார் என்றோ தீர்மானிக்க இயலாதென்றும் சொன்னது. அவ்வாண்டு டிசெம்பரிலே விஞ்ஞான அமைச்சு அம்முடிவை இரத்துச் செய்தது. பிழை இன்ன இடத்தில் உள்ளது என்று குழு ஆதாரத்தோடு காட்டவில்லை என்பது அமைச்சின் காரணங்களில் ஒன்று. 2004இல், விடயத்தை மீண்டும் எடுப்பதில்லையென்று குழு தீர்மானித்தது.

ஆகவே சட்டத்தின் முன் அவர் குற்றவாளி அல்லர். குழுவின் முடிவைக் கல்லாக எடுத்து அவர்மீது எறிய நாம் விரும்பவில்லை. அவருடைய நோக்கமும் நமக்கு விடயமன்று. மனிதனை விட்டுவிட்டு வழக்கை எடுப்போம்.

பட்டியலும் பணப்பையும்

பூமி சூடாவதையோ, அதற்கு மனிதனே காரணம் என்பதையோ லொம்போர்க் மறுப்பதில்லை. இதைக் கவனிக்கவேண்டும். "ஆம், சூடாகிறது. ஆனால் அதைத் தடுக்கச் செலவழிக்கும் பணத்தை மலேரியாவுக்கும் குழந்தைகளின் ஊட்டத்துக்கும் செலவழித்தால் கூடிய நன்மை கிடைக்கும்" என்பதே அவர் வாதம். 2004இல் எட்டுப் பொருளியலறிஞர்களைக் கொப்பனேகனில் கூட்டினார். "உங்களிடம் 5,000 கோடி டொலர் இருந்தால் எதற்கு முதலிடம்?" என்று கேட்டார். எயிட்ஸ் நோய்த் தடுப்பு முதலில் வந்தது. நுண்ணூட்டம், வர்த்தகம், மலேரியா முதலியன தொடர்ந்தன. காலநிலைத் திட்டங்கள் பட்டியலின் அடியிலே கிடந்தன.

கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஏழையின் குழந்தைக்கு மருந்தா, பனிக்கரடிக்குப் பாதுகாப்பா என்று கேட்டால் எவர்தாம் கரடியின் பக்கம் நிற்பார்?

ஆனால் நாம் கேட்கிறோம்: அந்த 5,000 கோடி டொலர் எங்கே? அது கற்பனைப் பணம். காலநிலைக்குச் செலவிடாத பணம் மலேரியாவுக்குப் போய்ச் சேருமென்று எந்த நாட்டுச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? டென்மார்க்கையே பாருங்கள். 2002இல் அவரைப் பதவியில் அமர்த்திய அதே அரசு சூழலுக்கான செலவைக் குறைத்தது. அதே ஆண்டிலே வறிய நாடுகளுக்கான உதவித் தொகையையும் குறைத்தது! காட்டுக்கும் இல்லை, குழந்தைக்கும் இல்லை. நூலாசிரியர் ஏழைக்காக வாதாடினார்; வாதத்தின் முதற்பாதியை எடுத்துக்கொண்ட அரசு மறுபாதியைக் குப்பைத் தொட்டியில் போட்டது. ஏழைக்கு மருந்து வாங்கக் கேட்பதில் அவர் மனம் உண்மையாகவே இருக்கலாம். அவர் வாதத்தை விலை கொடுத்து வாங்குவோரின் மனம் அதுவன்று. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையை நம் பாட்டிமார் வீணாகவா சொன்னார்கள்?

அந்தக் கணக்கிலே இன்னொரு சூட்சுமமும் உண்டு. வருங்காலத்து இழப்பை இன்றைய மதிப்புக்குக் கழித்துப் பார்ப்பது பொருளியலார் வழக்கம். ஆண்டுக்கு 5 வீதம் கழித்தால், நூறு ஆண்டுக்குப் பின்னர் நேரும் 100 ரூபா இழப்பு இன்றைய ஏட்டிலே 76 சதமாகச் சுருங்கிவிடும். வட்டிக் கடைக்கு இது சரியான கணக்கு. பேரன் வயலிலே உப்பு நீர் ஏறும் என்றால், அதைச் சில்லறைக் காசாக எண்ணும் பாட்டன் நம் ஊரிலே உண்டா?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நீதிமன்றத்திலே ஒருவனுக்காக வாதாடவேண்டுமானால், அவன் ஒப்பமிட்ட வக்காலத்துக் கையிலே வேண்டும். அந்த எட்டு அறிஞருக்கும் ஏழையின் பெயரால் பேச வக்காலத்துக் கொடுத்தவர் யார்? மன்னாரின் மீனவனா? பரந்தனின் கமக்காரனா? பட்டியலிலே ஏழையின் பெயர் இருக்கிறது, ஒப்பம் இல்லை.

2021: இன்னொரு ஒப்பமில்லாத கட்டளை

"அப்படியானால் பசளைத் தடை?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்திலே பத்து ஆண்டுகளில் சேதனப் பசளைக்கு மாறுவதாகச் சொன்னவர்கள், 2021 மே 6ஆம் திகதி அதிவிசேட வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளையினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தார்கள். விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள், கேட்பாரில்லை. கமக்காரர்கள் வீதிக்கு வந்தார்கள், கேட்பாரில்லை. சேதனப் பசளையென்று சீனாவிலிருந்து கப்பலிலே வந்தது தீங்கான கிருமி கொண்டதென்று நமது அதிகாரிகளே நிராகரித்தார்கள். இறுதியில் இறக்காத அந்தச் சரக்குக்கும் 67 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்த்தார்கள். நவம்பரிலே தடை நீங்கியபோது காலம் கடந்துவிட்டது. பெரும்போக விளைச்சல் சரிந்தது, தேயிலையும் வாடியது, நெல் விற்றவன் அரிசி வாங்கக் கடைக்குச் சென்றான். 2022 யூலையிலே ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு ஓடிப் பதவி துறந்தார்.

சூழலியக்கத்தை எதிர்ப்போருக்கு இது பெருவிருந்தாயிற்று. "பாருங்கள், இயற்கை பேசியவர்கள் செய்த கேட்டை!" என்றார்கள். நாம் சொல்கிறோம்: இது இயற்கையின் பெயரால் நடந்த ஏதேச்சாதிகாரம். அந்நியச் செலாவணி வற்றிய ஒரு கருவூலம் பச்சைச் சட்டை அணிந்துகொண்டு வந்த காட்சி அது. மண்ணின் வளத்தை மீட்க ஆண்டுகள் வேண்டும், பரிசோதனை வேண்டும், பயிற்சி வேண்டும் என்பது சேதன விவசாயத்தை நன்கறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே.

இங்கேதான் நமது வாதத்தின் உயிர்நிலை இருக்கிறது. கொப்பனேகனின் பட்டியலும் கொழும்பின் வர்த்தமானியும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். ஒன்று சூழலைப் பின்னுக்குத் தள்ளுகிறது; மற்றது சூழலின் பெயரால் ஆணையிடுகிறது. ஆனால் இரண்டின் குறையும் ஒன்றே. பாதிக்கப்படப் போகிறவனைக் கேளாமல் அவனுக்காகத் தீர்ப்புச் சொன்னார்கள். மறுதரப்பையும் கேள் என்பது இயற்கை நீதியின் முதல் விதி. அதை மீறிய தீர்ப்பு சரியாக அமைந்தாலும் தீர்ப்பாகாது. பிழையாக அமைந்தாலோ நாடே பட்டினி கிடக்கும்.

எப்பாவலையின் விடை

கேட்டுத் தீர்ப்புச் சொன்னால் எப்படியிருக்கும் என்பதற்கும் நமது நாட்டிலேயே சான்று உண்டு.

அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலே பொசுபேற்றுக் கனிமம் புதைந்து கிடக்கிறது. பொசுபேற்று என்றால் பசளைக்கு மூலப்பொருள். அதை 30 ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் அந்நிய மூலதனம் பெரும்பான்மையாகக் கொண்ட நிறுவனமொன்றுக்குத் தோண்டக் கொடுக்க அரசு முன்வந்தது. 2,600 குடும்பங்கள் வரை இடம்பெயர நேருமென்றும், வயல்களும் பண்டைய அரசர் வெட்டிய ஜய கங்கை வாய்க்காலும் பாழாகுமென்றும் அவ்வூர்வாசிகள் முறையிட்டார்கள். அவர்களிலே கமக்காரர் இருந்தனர். விகாரையின் குருவும் இருந்தார். 2000 யூனிலே உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. நீதியரசர் அமரசிங்க எழுதிய அத்தீர்ப்பு, சட்டம் வகுத்த சூழல் தாக்க மதிப்பீட்டு நடைமுறையைச் சுற்றிக் கடக்க ஒப்பந்தம் முயல்வதைக் கண்டது. முறையான ஆய்வும் சட்டப்படியான அனுமதியும் இன்றி ஒப்பந்தம் செய்தலாகாது என்று தடுத்தது. நாட்டின் வளங்களுக்கு அரசு உடைமையாளன் அன்று, மக்களுக்காகக் காக்கும் பொறுப்பாளனே என்ற கொள்கையும் அங்கே வலியுறுத்தப்பட்டது. இக்கருத்தை 1997இலே சர்வதேச நீதிமன்றத்தின் டான்யூப் அணை வழக்கிலே நம் நாட்டவரான நீதியரசர் வீரமந்திரி இலங்கையின் குளங்களை எடுத்துக்காட்டியே விளக்கியிருந்தார்.

கவனியுங்கள்: அந்தக் கமக்காரர்கள் பசளைக்குப் பகைவர் அல்லர். மண்ணில் உள்ள பசளைச் செல்வத்தை ஒரு தலைமுறைக்குள் தோண்டி முடிக்காமல், நம் வயல்களுக்கே அளவோடு பயன்படுத்தினால் பல தலைமுறைக்கு வருமே என்பது அவ்வழக்கிலே எழுந்த நியாயம். பசளையும் வேண்டும், நிலமும் வேண்டும்! பசித்தவனா இயற்கையா என்ற கேள்வி கொப்பனேகன் மேடையில் பிறந்தது; எப்பாவலை வயலிலே அந்தக் கேள்விக்கே இடமில்லை.

செலவு யார் தலையில்?

"முதலில் வளர்ச்சி, பிறகு தூய்மை" என்போருக்கு வேறு சில ஊர்ப் பெயர்களையும் நினைவூட்டுவோம்.

சுன்னாகம். யாழ்ப்பாணத்திலே ஆறில்லை, சுண்ணக்கல்லின் அடியில் நிற்கும் நீரே குடிநீர், அதுவே தோட்டத்துக்கும் நீர். மின்சாரம் வந்தது, வளர்ச்சிதான். கூடவே கிணறுகளிலே எண்ணெயும் வந்தது. 2019 ஏப்பிரலிலே உயர் நீதிமன்றம் அங்கிருந்த தனியார் மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி பணித்தது. கெட்ட நீரைக் குடித்தவர் ஏழைகளா, செல்வந்தரா?

மீதொட்டமுல்ல. மாளிகாவத்தையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் அன்றாடம் வீசும் குப்பை முன்பு புளூமெண்டாலிலே மலையாயிற்று. பின்பு மீதொட்டமுல்லையிலே மலையாயிற்று. 2017 ஏப்பிரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளிலே, அந்த மலை வீடுகளின்மேல் சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் கறுவாத்தோட்டத்துக் குடிகளா?

கொழும்புக் கடல். பசளைத் தடை வந்த அதே 2021 மே மாதத்திலே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் மணிகளைக் கரையெங்கும் கொட்டியது. வலையைச் சுருட்டிவைத்துக் கரையிலே நின்றவன் மீனவன். 2025 யூலையிலே உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு விதித்தது. வழக்காடியிராவிட்டால் அந்த இழப்பு எந்தப் பட்டியலிலும் ஏறியிராது.

சூழல் கெடுவது ஏழைக்குப் பிறகு வரும் பிரச்சினையன்று. ஏழையிடமே முதலில் வரும் பிரச்சினை. பணம் படைத்தவன் போத்தல் நீர் வாங்குவான், வீட்டை மாற்றுவான். கமக்காரனுக்கு வேறு கிணறு எங்கே?

நாம் செய்யவேண்டியது

கற்றறிந்த நண்பர்களுக்கு ஒரு சொல். மேலைநாட்டு நூலொன்றிலே ஏழைக்காகக் கண்ணீர் விட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். கணக்கைப் பாருங்கள், அத்தோடு கணக்கிலே யார் அமர்ந்தார், யார் வெளியே நின்றார் என்றும் பாருங்கள். சூழல் பேசும் தோழர்களுக்கும் ஒரு சொல். கமக்காரனுக்குப் பாடம் நடத்தப் போகாதீர்கள்; அவனிடம் கேட்கப் போங்கள். அவனை ஒதுக்கிவைத்து நடத்தும் இயக்கம் அடுத்த வர்த்தமானிக்கே வழி திறக்கும்.

கமக்காரப் பெருமக்களே! 1980ஆம் ஆண்டின் தேசியச் சூழல் சட்டமும் 1988ஆம் ஆண்டின் திருத்தமும் உங்கள் கையிலே ஓர் ஆயுதத்தைத் தந்திருக்கின்றன. குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்களின் சூழல் தாக்க அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வரவேண்டும். 30 நாளுக்குள் எவரும் தம் கருத்தை எழுதிக் கொடுக்கலாம். எத்தனை அறிவித்தல்கள் நம்மவர் ஒருவரும் படிக்காமலே காலாவதியாயின! ஒவ்வொரு கமக்கார அமைப்பும் அறிவித்தல்களைப் பார்க்க ஒருவரை நியமிக்கட்டும். சட்டம் படித்த இளைஞர் அவருக்குத் துணை நிற்கட்டும். பசளைக் கொள்கையோ, சுரங்கமோ, மின்நிலையமோ, எதுவானாலும் "எங்களைக் கேட்டீர்களா?" என்பதே நமது முதற் கேள்வியாகட்டும்.

லொம்போர்க் தொடர்ந்து எழுதுவார். அது அவர் உரிமை. அரசுகள் தொடர்ந்து வர்த்தமானி வெளியிடும். அது அவற்றின் அதிகாரம். ஆனால் நமது பெயரால் எவர் எழுந்து நின்றாலும் வக்காலத்தைக் காட்டும்படி கேட்போம். அதில் நமது ஒப்பம் இல்லையென்றால், அந்த வழக்கு நமதன்று!